எல்லைக் கிராமத்திலிருந்து வெளிநாட்டு பிசினஸ் டிப்ளமோ: முழுமையான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இப்போது இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. பிளஸ் டூ காமர்ஸ் முடித்த பிள்ளை, வெளிநாட்டில் போய் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் டிப்ளமோ படிக்கிறேன் என்கிறது. வீட்டில் உடனே கேட்பது, "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: படிப்பு முடிந்த பிறகு அந்த நாட்டில் தங்கி வேலை பார்க்க இந்தச் சான்றிதழுக்கு அனுமதி உண்டா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் யாரும் தோப்பை அடமானம் வைக்கக் கூடாது. இந்த வழிகாட்டியை அதற்காகவே எழுதுகிறேன்.

முதல் படி: எந்த டிப்ளமோ என்று தெளிவாகுங்கள்

'டிப்ளமோ' என்ற ஒரே பெயரில் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு படிப்பு நடக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணக் கல்லூரிகளில் பிசினஸ் டிப்ளமோ என்றால் 2 வருடம், 4 செமஸ்டர். அட்வான்ஸ்டு டிப்ளமோ 3 வருடம். ஏற்கெனவே டிகிரி வைத்திருப்பவர்களுக்கு கிராஜுவேட் சர்டிபிகேட் என்று ஒரு வருடப் படிப்பு தனியாக உண்டு. ஆஸ்திரேலியாவில் டிப்ளமோ ஆஃப் பிசினஸ் பெரும்பாலும் ஒரு வருடம். சிங்கப்பூர்த் தனியார் நிறுவனங்களில் அதைவிடக் குறைவான காலத்திலும் முடிகிறது.

பாடங்கள் எங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: கணக்குப் பதிவியல், மார்க்கெட்டிங், பொருளாதாரம், வணிகச் சட்டம், மனிதவளம், எக்செல், அப்புறம் நிறைய குழு வேலை. ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள். வெளிநாட்டு டிப்ளமோ இங்கே டிகிரிக்கு ஈடாகாது. திரும்பி வந்து வங்கித் தேர்வோ, டிகிரி கேட்கும் கேரள பிஎஸ்சி, டிஎன்பிஎஸ்சி தேர்வோ எழுத நினைக்கும் பிள்ளைக்கு இந்த வழி சரிப்படாது.

இரண்டாம் படி: நாட்டை அதன் விதியை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

கனடாவில் இருந்து தொடங்குகிறேன், நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் கேட்பது அதைத்தான். சில வருடங்களுக்கு முன் அங்கே போன அண்ணன்மார், அக்காமார் சொல்லும் கதை அவர்கள் காலத்தில் உண்மை. கல்லூரியில் 2 வருட பிசினஸ் டிப்ளமோ முடித்தால் 3 வருடம் வரை வேலை அனுமதி கிடைத்தது. 2024 நவம்பர் 1 முதல் விதி மாறிவிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள் கல்லூரி டிப்ளமோ படித்தால், அது கனடா அரசு பட்டியலிட்ட துறைகளில் இருக்க வேண்டும். விவசாயம், சுகாதாரம், கல்வி, அறிவியல் தொழில்நுட்பம், கைத்தொழில், போக்குவரத்து என்று போகிற அந்தப் பட்டியலில் பொதுவான பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் இல்லை. படித்து முடித்தால், அந்தப் படிப்பை வைத்து வேலை அனுமதி கிடைக்காது.

இதைச் சொன்னால் சில ஏஜென்ட்டுகள், "அதெல்லாம் போய்ப் பார்த்துக்கலாம்" என்பார்கள். அங்கே போன பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. நீங்கள் செய்ய வேண்டியது இது. கல்லூரியிடம் அந்தப் படிப்பின் சிஐபி எண்ணை, அதாவது படிப்பு எந்தத் துறையில் வருகிறது என்று காட்டும் எண்ணை, எழுத்தில் கேளுங்கள். ஆறு இலக்க எண் அது. கனடா குடிவரவுத் துறையின் இணையதளத்தில் இருக்கும் பட்டியலில் அந்த எண் இருக்கிறதா என்று நீங்களே தேடுங்கள். பட்டியலை அவ்வப்போது மாற்றுகிறார்கள், அதனால் பழைய ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். பிசினஸ் என்ற பெயர் இருந்தும் வேறு துறையின் எண்ணில் வரும் படிப்புகள் உண்டு. பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

இளநிலை, முதுநிலைப் பட்டப்படிப்புகளுக்கு இந்தத் துறைக் கட்டுப்பாடு கிடையாது. அதனால் என் யோசனை வெளிப்படையானது. கனடாதான் வேண்டும் என்றால், கோயம்புத்தூரிலோ பாலக்காட்டிலோ பி.காம், பிபிஏ முடித்துவிட்டு அங்கே முதுநிலைக்குப் போங்கள். 2 வருடத்துக்குக் குறைந்த முதுநிலைப் படிப்புக்கும், மற்றத் தகுதிகள் இருந்தால், 3 வருட வேலை அனுமதி பெற முடிகிறது. டிப்ளமோவில்தான் சேர வேண்டும் என்றால், அதே கல்லூரியிலோ வேறு பல்கலைக்கழகத்திலோ டிகிரியாகத் தொடர எத்தனை கிரெடிட்டை ஏற்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு சேருங்கள்.

ஆஸ்திரேலியாவிலும் நிலைமை சுலபமில்லை. தொழிற்கல்வி டிப்ளமோ முடித்தவர் வேலைக்கான தற்காலிக விசா கேட்டால், படிப்பு அந்த நாட்டின் திறன் பட்டியலில் உள்ள ஒரு தொழிலோடு பொருந்த வேண்டும். பொதுவான பிசினஸ் டிப்ளமோவை அப்படிப் பொருத்திக் காட்டுவது கஷ்டம். ஆனால் அங்கே ஒரு நல்ல வழி இருக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சார்பில் நடத்தும் டிப்ளமோவை முடித்தால் பி.காம் போன்ற படிப்பில் நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம். பிளஸ் டூவில் மார்க் கொஞ்சம் குறைந்த பிள்ளைக்கு இது உண்மையிலேயே உதவும் வழி. விசா விண்ணப்பக் கட்டணம் மட்டும் 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர். நிராகரித்தால் பொதுவாகத் திரும்ப வராது.

சிங்கப்பூர் பக்கத்தில் இருக்கிறது, தமிழ் காதில் விழும், பெற்றோருக்கு மன நிம்மதி. தனியார் நிறுவனத்தில் படிக்கும் வெளிநாட்டு மாணவர் அங்கே பகுதிநேர வேலை பார்க்கவே கூடாது, அதைத் தெரிந்துகொண்டு போங்கள். எட்யூடிரஸ்ட் என்ற சிங்கப்பூர் அரசுத் தரச் சான்று உள்ள நிறுவனமா என்று பாருங்கள். கட்டிய பணத்துக்குக் காப்புத் திட்டம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல நிறுவனங்களில் டிப்ளமோவுக்குப் பிறகு பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக டிகிரியை அங்கேயே முடிக்கலாம். குடும்பத் தொழிலுக்குத் திரும்பி வரப்போகும் பிள்ளைக்கு இது நியாயமான தேர்வு என்று நினைக்கிறேன்.

மூன்றாம் படி: பகுதிநேர வருமானம் இல்லாமல் கணக்குப் போடுங்கள்

கனடாவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 1 முதல், தனியாகப் போகும் மாணவர் ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு 22,895 கனடா டாலர் காட்ட வேண்டும். முதல் வருடக் கல்விக் கட்டணமும் பயணச் செலவும் இதற்கு மேல். அரசுக் கல்லூரிக் கட்டணம் வருடம் 17,000 டாலர் என்று வைத்தால், 2 வருடத்துக்கு 34,000. வாழ்க்கைச் செலவு 45,790. மொத்தம் 79,790 டாலர். டாலருக்கு 60 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் 48 லட்சம் வருகிறது. டிக்கெட், தேர்வுக் கட்டணம், விசா எல்லாம் தனி.

படிக்கும்போது அங்கே வாரம் 24 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம் என்பது உண்மை. வேலை கிடைத்தால் அது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் உதவும். கிடைக்கும் என்று நம்பி கட்டணத்துக்கு அதை ஒதுக்கினால், முதல் செமஸ்டரிலேயே பிள்ளை வகுப்பை விட்டுவிட்டு ஷிஃப்ட் தேடும். அந்தப் பிள்ளைகள் போனில் பேசும்போது வீட்டில் எதையும் சொல்வதில்லை. அதனால் வருமானத்தைப் பூஜ்யம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், அப்போதும் சமாளிக்க முடிந்தால் மேலே போங்கள்.

நான்காம் படி: எல்லையின் இரு பக்கமும் நிலம் இருந்தால் கடன்

நம் ஊர்க்காரர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

படிப்புக் கடனில் வங்கிகள் பொதுவாகப் பின்பற்றும் முறை: 4 லட்சம் வரை அடமானம் கேட்பதில்லை, 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன், அதற்கு மேல் சொத்து. வெளிநாட்டுப் படிப்பு என்றால் செலவில் 15 சதவீதம் நம் கைப்பணமாக இருக்க வேண்டும்.

இப்போது சொத்து. "ரெண்டு ஏக்கர் தோப்பு இருக்கு, போதும்" என்று போனால் மேனேஜர் முகம் சுளிப்பார். கடனைத் திருப்பிக் கட்டாவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுக்க வங்கிக்கு அதிகாரம் தரும் சர்பாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால்தான் வங்கிகள் வீடு, கட்டடம், வீட்டு மனையைக் கேட்கின்றன. கேரளப் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. கிராம அலுவலகப் பதிவில் உங்கள் இடம் 'நிலம்' என்று இருந்தால் அது வயல் என்று அர்த்தம். 2008-ஆம் வருட நெல்வயல் சட்டத்தின் கட்டுப்பாடு அதற்கு வரும். 'புரையிடம்' (வயல் அல்லாத மேட்டு இடம்) என்று இருந்தால் வங்கி மேற்கொண்டு பேசும். தென்னை நட்டு 20 வருடம் ஆகியிருந்தாலும் பதிவில் 'நிலம்' என்றே கிடக்கும் இடங்கள் நம் பக்கம் ஏராளம். வகை மாற்றம் செய்ய வருவாய்த் துறையின் மேல் அலுவலகம் வரை போக வேண்டும். பிள்ளை பிளஸ் ஒன் படிக்கும்போதே, கிராம அலுவலகப் பதிவில் உங்கள் இடம் என்ன வகை என்று பாருங்கள்.

கேரளச் சொத்துக்கு வங்கி கேட்பவை: ஆதாரம் (சொத்துப் பத்திரம்), முன் ஆதாரம் (முந்தைய பத்திரம்), நடப்பு வருடக் கரம் (நில வரி) ரசீது, கைவசச் சான்று (இடம் உங்கள் அனுபவத்தில் இருக்கிறது என்ற சான்று), லொக்கேஷன் ஸ்கெட்ச், குடிக்கடச் சான்று (வில்லங்கச் சான்று). வருவாய்த் துறைச் சான்றுகளுக்கு, கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா மையத்தில் விண்ணப்பிக்கலாம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் இருக்கும் சொத்துக்குக் கிரயப் பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று. இதில் என் அனுபவ யோசனை: அடமானம் வைக்கும் சொத்து எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநிலத்துக் கிளையில் முதலில் பேசுங்கள். வங்கியின் வக்கீலுக்கும் மதிப்பீட்டாளருக்கும் அந்த ஊர்க் காகிதம் பழக்கமாக இருக்கும். பட்டாவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் கைவசம் எங்கே?" என்று கேட்கும் கிளையில் மாதக்கணக்கில் நடக்க வேண்டாம்.

வட்டியையும் இப்போதே பாருங்கள். 20 லட்சம் கடனுக்கு 10 சதவீதம் என்றால் வருடம் 2 லட்சம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முடிந்தவர்கள் அந்த வட்டியை மாதாமாதம் கட்டிவிடுங்கள். சொந்தப் பணத்தை ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் கல்விக்காக அனுப்பினால் டிசிஎஸ் என்ற வரியை வங்கி முன்கூட்டியே பிடிக்கும். வங்கிக் கடனில் அனுப்பும் தொகைக்கு அது இல்லை. பிடித்ததை வருமான வரிக் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம்.

ஐந்தாம் படி: பெயரை ஒன்றாக்குங்கள்

மகள் கவிதா, அப்பா பழனிச்சாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேரள எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் 'கவிதா பி'. ஆதாரில் 'கவிதா பழனிச்சாமி'. பாஸ்போர்ட்டில் 'கவிதா' மட்டும், குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அப்பாவின் பெயர் மலையாளப் பள்ளிப் பதிவில் 'பழனிஸ்வாமி', பொள்ளாச்சி சொத்துப் பத்திரத்தில் 'பழனிச்சாமி', பான் கார்டில் ஆங்கில எழுத்து வேறு மாதிரி. நமக்கு எல்லாம் ஒரே ஆள். விசா அதிகாரிக்கு, பணம் காட்டுபவர் வேறு யாரோ.

முதலில் பாஸ்போர்ட். எஸ்எஸ்எல்சியில் உள்ள எழுத்துக்கூட்டலை அடிப்படையாக வைத்து, இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுவது நல்லது. ஏற்கெனவே அந்தக் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட் என்றால், கனடா விண்ணப்பத்தில் 'கவிதா' என்பதைக் குடும்பப் பெயர் இடத்தில் எழுதி, முதற்பெயரைக் காலியாக விட வேண்டும். அவர்கள் அறிவுறுத்தல் அதுதான். அப்பாவின் பெயர் வேறுபாட்டுக்கு, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற சான்று கேரளத்தில் கிராம அலுவலகம் வழியாகக் கிடைக்கும், அக்ஷயாவில் விண்ணப்பியுங்கள். ஒரு நோட்டரி உறுதிமொழியும் கூடவே வையுங்கள்.

மலையாளத்திலும் தமிழிலும் உள்ள காகிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பாளரின் சான்றோ உறுதிமொழியோ சேர்க்க வேண்டும். அட்டஸ்டேஷன், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று அரசு முத்திரை வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. வளைகுடாவுக்குப் போகிறவர்களைப் பார்த்துவிட்டு எல்லாச் சான்றிதழையும் முதலிலேயே அட்டஸ்ட் செய்யப் பணம் கட்டுகிறார்கள். கல்லூரியோ தூதரகமோ கேட்டால் மட்டும் செய்யுங்கள். கேரளச் சான்றிதழுக்கு வெளிநாட்டு மலையாளிகளுக்கான கேரள அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸ், தமிழ்நாட்டுச் சான்றிதழுக்குத் தமிழ்நாட்டு அரசு என்று தனித்தனி வழி. பிளஸ் டூ பொள்ளாச்சியிலும் பத்தாவது கொழிஞ்சாம்பாறையிலும் படித்த பிள்ளை இரண்டு பக்கமும் போக வேண்டியிருக்கும்.

ஆறாம் படி: ஆங்கிலத் தேர்வு

ஐஇஎல்டிஎஸ் தேர்வு கோயம்புத்தூரிலும் கொச்சியிலும் எழுதலாம். டிப்ளமோவுக்குப் பெரும்பாலும் 6.0 கேட்பார்கள். மதிப்பெண் 2 வருடம் செல்லும். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் பேச்சைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். எழுத்துப் பகுதிக்குத்தான் அதிகப் பயிற்சி வேண்டும். தினமும் ஒரு கட்டுரை எழுதி, தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் திருத்தி வாங்குங்கள்.

ஏழாம் படி: அட்மிஷனும் ஏஜென்ட்டும்

விண்ணப்பத்தைக் கல்லூரியின் இணையதளத்தில் நீங்களே போடலாம். ஏஜென்ட் வழியாகப் போனால், உங்களிடம் ஒரு ரூபாய் வாங்காவிட்டாலும் கல்லூரி அவருக்குக் கமிஷன் தரும் என்பதை நினைவில் வையுங்கள். அவர் காட்டும் பட்டியல் அந்தக் கமிஷன் உள்ள கல்லூரிகளின் பட்டியல். மோசமானவர் என்று இதனால் சொல்லிவிட முடியாது. நல்ல ஏஜென்ட்டுகளும் இருக்கிறார்கள், ஆனால் முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

கல்லூரிக் கணக்கில் நேராகப் பணம் போக வேண்டும். விண்ணப்பத்துக்கான மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். ஆஃபர் லெட்டர் வந்தால், அதில் உள்ள மாணவர் எண்ணைச் சொல்லிக் கல்லூரிக்கே எழுதிச் சரிபாருங்கள். போலிக் கடிதங்களால் இந்திய மாணவர்கள் பலர் சிக்கிய பிறகு, 2023 டிசம்பர் முதல் கனடா ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடம் கேட்டு உறுதி செய்கிறது. அந்த நாட்டுக் குடிவரவு ஆலோசனைக்குக் காசு வாங்க உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே அனுமதி. உரிம எண்ணைக் கேளுங்கள், தயங்க வேண்டாம். அரசுக் கல்லூரியின் பெயரில் தனியார் வளாகத்தில் நடக்கும் படிப்புகளையும் ஒதுக்கிவிடுங்கள். 2024 மே 15 முதல் அப்படிச் சேர்ந்தவர்களுக்குக் கனடாவில் வேலை அனுமதியே இல்லை.

எட்டாம் படி: விசா விண்ணப்பமும் நோக்கக் கடிதமும்

கனடா என்றால் கல்லூரிக் கடிதத்தோடு மாகாண உறுதிக் கடிதமும் வேண்டும், கல்லூரி வாங்கித் தரும். கட்டணம் 150 டாலர், கைரேகைக்கு 85. நம் பக்கத்திலிருந்து கைரேகைக்குச் சென்னையோ பெங்களூரோ போகலாம்.

அதிகம் நிராகரிக்கப்படுவது பணக் கணக்கிலும், ஏன் இந்தப் படிப்பு என்று மாணவர் எழுதும் நோக்கக் கடிதத்திலும். தேங்காய் விற்ற பணம் ரொக்கமாக வீட்டில் இருந்து, விண்ணப்பிக்கும் மாதத்தில் மொத்தமாக வங்கிக்குப் போனால் அதிகாரி சந்தேகப்படுவார். ஒரு வருடம் முன்பிருந்தே வியாபாரியிடம் வங்கி வழியாகப் பணம் வாங்குங்கள், பில்களை எடுத்து வையுங்கள். உறவினர் கொடுத்த பணம் என்றால் அவர் கணக்கும் கடிதமும் வேண்டும்.

நோக்கக் கடிதத்தை யாரோ எழுதிக் கொடுத்த மாதிரியிலிருந்து எடுக்காதீர்கள். 'உலகத் தரமான கல்வி' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். உங்கள் வீட்டுக் கதையை எழுதுங்கள், உதாரணமாக இப்படி: எங்கள் தோப்புத் தேங்காய் காங்கேயம் எண்ணெய் மில்லுக்குப் போகிறது. மட்டை பொள்ளாச்சி நார் ஆலைக்குப் போகிறது, அங்கிருந்து தென்னை நார்க்கழிவு வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிறது. அந்த ஏற்றுமதிக் காகித வேலையும் விலை பேசுவதும் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. இந்தப் படிப்பின் மூன்றாம் செமஸ்டரில் சர்வதேச வர்த்தகப் பாடம் இருக்கிறது, அதற்காக இந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தேன். இப்படி உண்மையாக, உங்கள் படிப்பின் பாடப் பெயரோடு எழுதினால் அதிகாரிக்குப் புரியும். உங்கள் வீட்டில் மளிகைக் கடையோ, மாட்டுத் தீவன வியாபாரமோ இருந்தால் அதை எழுதுங்கள், இல்லாததை எழுத வேண்டாம். பி.காம் முடித்துவிட்டு டிப்ளமோவுக்குப் போகிறவர், ஏன் ஒரு படி இறங்குகிறார் என்பதற்கு நேரடியான பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதில் உங்களுக்கே திருப்தியாக இல்லை என்றால் படிப்பை மறுபடி யோசியுங்கள்.

நிராகரித்துவிட்டால் அதே காகிதத்தை உடனே திரும்ப அனுப்பாதீர்கள். காரணத்தைப் படித்து, அதற்கான புது ஆதாரம் சேர்ந்த பிறகு அனுப்புங்கள்.

காலக் கணக்கு

கனடாவில் செப்டம்பர், ஜனவரி, மே மாதங்களிலும், ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் பிப்ரவரி, ஜூலையிலும் வகுப்பு தொடங்கும். கேரள பிளஸ் டூ முடிவு மே மாதம் வருகிறது. அதே வருடம் செப்டம்பருக்கு ஓடினால் கடன், விசா எல்லாம் அரைகுறையாகும், ஜனவரியை வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டும் பெயர்த் திருத்தமும் பிளஸ் ஒன்னிலேயே முடியட்டும். ஐஇஎல்டிஎஸ் பொதுத்தேர்வுக்குப் பின் ஏப்ரலில். விண்ணப்பமும் வங்கிப் பேச்சும் மே, ஜூனில். ஆகஸ்டுக்குள் விசா விண்ணப்பம் போய்விட வேண்டும்.

கிளம்பும் முன்பும் முதல் செமஸ்டரும்

மருத்துவப் பரிசோதனை அந்த நாட்டுப் பட்டியலில் உள்ள டாக்டரிடம் மட்டுமே செல்லும். காவல்துறைச் சான்று கேட்டால் பாஸ்போர்ட் சேவா வழியாக வாங்குங்கள். கேரள முகவரி உள்ளவர்கள் நோர்க்காவின் மாணவர் அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளலாம்.

அங்கே முதல் செமஸ்டரில் நம் பிள்ளைகளை அதிகம் திணறடிப்பது கணக்குப் பாடம் அல்ல, அதில் நாம் கெட்டி. அசைன்மென்ட்தான். புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதினால் இங்கே மார்க் கிடைக்கும், அங்கே அது திருட்டு. எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிடும் முறையைக் கல்லூரி நூலகத்தில் சொல்லித் தருவார்கள், முதல் வாரமே போய்க் கற்றுக்கொள்ளுங்கள். குழு வேலையில் மௌனமாக உட்கார்ந்தால் மதிப்பெண் குறையும், ஆங்கிலம் தடுமாறினாலும் பேசுங்கள். வேலை நேரத்தை அனுமதித்த அளவுக்கு மேல் ஒரு மணி நேரம்கூட நீட்டாதீர்கள், ரொக்கமாகத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சரி. பாடத்தைக் குறைத்துப் பகுதிநேர மாணவராக மாறுவதற்கு முன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். கனடாவில் கல்லூரி மாற வேண்டும் என்றால் புது ஸ்டடி பெர்மிட் வேண்டும். ஸ்டடி பெர்மிட் முடியும் தேதியையும் பாஸ்போர்ட் முடியும் தேதியையும் போனில் குறித்து வைத்து, நீட்டிப்பு வேண்டியிருந்தால் சில மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.